கிரில் அடுப்பை மேசைமேல் வைக்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கமும், எல்லை தாண்டிச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் எங்களிடம் தோட்டத்து மேசை வாங்கியவர்கள் நிறையப் பேர். கொஞ்ச நாளாக அந்த மேசைகளில் சில கருகிப்போய் பாலிஷுக்குத் திரும்பி வருகின்றன. தோப்பில் கோழி சுடுவதற்கென்று வாங்கிய சின்ன கிரில் அடுப்பை மேசைமேலேயே வைத்துப் பற்ற வைத்திருக்கிறார்கள்.

கொண்டுவருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அடியில தகரம் போட்டுத்தானுங்க வச்சோம். அப்புறமும் எப்படிங்க கருகுச்சு?"

போன வாரம் வந்த ஒரு தேக்கு மேசையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. அடுப்பின் நான்கு கால்களும் நின்ற இடத்தில் பாலிஷ் லேசாகப் பழுத்திருந்தது, அவ்வளவுதான். கால்களுக்கு நடுவே, அடுப்பு தொடவே தொடாத இடத்தில்தான் பலகை கன்னங்கரேலென்று கிடந்தது. மேல்பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அதாவது, கால் வழியாக இறங்கிய சூட்டைவிட அடித்தட்டிலிருந்து கீழ்நோக்கி வீசிய அனல்தான் அதிகம். தகரம் அந்த அனலை வாங்கிக்கொண்டு, மரத்தோடு ஒட்டிக் கிடப்பதால் அப்படியே மரத்துக்குக் கடத்திவிடுகிறது. சிலிக்கான் பாய் விரித்தாலும் இதே கதைதான். அது சூடான பாத்திரம் வைப்பதற்கு ஆனது, கரி அடுப்புக்கு ஆகாது.

நம் பக்கத்துத் தேங்காய்த் தொட்டிக்கரி புகை குறைவாக, வெகுநேரம் கணகணவென்று நின்று எரியும். கங்கின் சூடு பல நூறு டிகிரி. மரம் 250 டிகிரி செல்சியஸுக்கு மேலே போனால் தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். பாலிஷ் அதற்கு வெகு முன்பே வெளுத்துவிடும். போதாததற்கு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று கங்கை ஊதி ஊதிச் சூட்டை ஏற்றும், பொறியையும் பறக்கவிடும்.

மேசையைக் காப்பாற்ற வேண்டுமானால், அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே காற்று போய்வர இடம் வேண்டும். இரண்டு செங்கலைப் பாதியாக உடைத்து, நான்கு துண்டுகளையும் நான்கு மூலையில் படுக்கை வசத்தில் வையுங்கள். அதன்மேல் அரை அங்குல கனத்தில் ஒரு சிமெண்ட் ஃபைபர் போர்டு, அதன்மேல் அடுப்பு. போர்டுக்குக் கீழே கிட்டத்தட்ட மூன்று அங்குல இடைவெளி கிடைக்கும். இறங்குகிற சூட்டை அந்த வழியாக ஓடுகிற காற்றே கொண்டுபோய்விடும். போர்டின் அடிப்பக்கத்தில் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றினால் இன்னும் நல்லது. போர்டு அடுப்பைவிட எல்லாப் பக்கமும் அரை அடியாவது நீண்டிருக்கட்டும். எண்ணெய் சொட்டுவதும் கங்கு உருண்டு விழுவதும் ஓரத்தில்தான். செங்கல் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பற்ற வையுங்கள். அடுப்பில் சாம்பல் தட்டு தனியாக இருந்தால் அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வையுங்கள். தண்ணீர் வற்றாத வரை அந்தத் தட்டு 100 டிகிரியைத் தாண்டாது. கால்மணி நேரம் கழித்து போர்டுக்குக் கீழே மேசைப் பலகையைத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் அடுப்பைத் தரைக்கு இறக்கிவிடுங்கள்.

தோட்டத்துச் சாளையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கிடக்கும். அதை வெட்டிப் போடலாமே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். வெட்டும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு, கடும் சூட்டில் அந்த ஷீட் வெடித்துச் சிதறவும் செய்யும். ஆற்றில் எடுத்த கூழாங்கல்லை முட்டுக் கொடுப்பதும் அதேபோல ஆபத்து; உள்ளே ஈரம் இருந்தால் ஆவியாகிக் கல் தெறிக்கும்.

கிரானைட் மேசை வாங்கியவர்கள் கல்லுக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைக்கிறார்கள். ஒரே இடம் மட்டும் காய்ந்து விரிய, சுற்றியுள்ள கல் குளிர்ந்தே இருந்தால் விரிசல் விழும். அடுப்பு எரியும்போது மேற்கிலிருந்து ஒரு சாரல் அடித்தால் கேட்கவே வேண்டாம். கல்லுக்கும் செங்கலும் போர்டும் தேவை. கண்ணாடி மேசையிலும் பிளாஸ்டிக் மேசையிலும் எதை அடியில் போட்டாலும் அடுப்பு வைக்காதீர்கள்.

மேசையைவிட முக்கியமான ஒன்று. கையடக்க கேஸ் குப்பி போடும் அடுப்பில், குப்பி இருக்கும் பக்கத்தையும் மறைக்கிற மாதிரி பெரிய கிரில் தட்டு வைக்காதீர்கள். தட்டின் அனல் குப்பிமேல் இறங்கினால் குப்பி வெடிக்கலாம். மழை வந்துவிட்டது என்று கரி அடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ தூக்கிப் போகவும் கூடாது. கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உயிரையே எடுத்துவிடும். சாம்பலுக்கு அடியில் கங்கு மறுநாள் வரைகூட உயிரோடு இருக்கும், அதனால் தண்ணீர் ஊற்றிக் கிளறி அணைத்த பிறகே கொட்டுங்கள்.

ஏற்கெனவே கறை விழுந்துவிட்டதா? வெள்ளையாகப் பூத்திருந்தால் பெரும்பாலும் பாலிஷோடு நின்றிருக்கும், எளிதில் சரியாகிவிடும். பழுப்பாக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். கருகியிருந்தால் இழைத்துத்தான் எடுக்க வேண்டும், பலகையின் கனம் குறையும். வீட்டிலேயே சுரண்டிப் பார்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள்.

அடுப்பின் அடியளவை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் போர்டை அதற்குத் தகுந்தபடி வெட்டிக் கொடுக்கிறோம். எங்களிடம் மேசை வாங்கியவர்களுக்கு வெட்டுக்கூலி கிடையாது.

அன்புடன்,
உங்கள் மரச்சாமான் கடையினர்,
கோபாலபுரம், பொள்ளாச்சி – பாலக்காடு சாலை