பீரோ மேல் இருந்த பெட்டி

அன்புள்ள செல்வம்,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டுவாய், திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். காட்பாடி வெயில் வழக்கம்போல மண்டையைப் பிளக்கிறது. தாமு இன்னும் அதே ஸ்கூட்டர்தான், அதே பொய்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் மாசக்கணக்காக "நெட் ஸ்லோ" என்று ஒரே புலம்பல். முதலாளி வேறு லைன் வாங்கக் கிளம்பிவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி, மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் ஸாபிக்ஸ் போட்டேன். இலவச மென்பொருள்தான். ஆபீஸ் நெட்வொர்க் வயரெல்லாம் வந்து சேரும் பெட்டிதான் சுவிட்ச்; அதன் எந்தப் போர்ட்டில், அதாவது எந்த வயர் துளையில், எவ்வளவு டேட்டா போகிறது, வருகிறது என்று கோடு போட்டுக்கொண்டே இருக்கும்.

காலையில் பார்த்தால், ஆபீஸ் பூட்டியதும் எல்லாக் கோடும் கீழே படுத்துவிட்டது. ஒன்று மட்டும் விடிய விடிய உச்சியிலேயே நிற்கிறது. அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அக்கவுண்ட்ஸ் ரூம் பீரோ மேல், தூசிக்கு நடுவே சிசிடிவி ரெக்கார்டர்! ரெக்கார்டரைத் தயாரித்தவன் போட்டு அனுப்பிய பாஸ்வேர்டை யாரும் மாற்றவே இல்லை. எவனோ அதற்குள் புகுந்து, ராத்திரியெல்லாம் சம்பந்தமில்லாத முகவரிகளுக்கு டேட்டாவைக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறான். கம்பெனிக் கணக்கெல்லாம் இருக்கும் டாலி சர்வரும் அதே சுவிட்சில்தான். 2016-ல் மிராய் என்ற வைரஸ் இதே மாதிரி கேமரா, ரெக்கார்டர்களைப் பிடித்துத்தான் டிவிட்டரையும் நெட்ஃபிளிக்ஸையும் அமெரிக்காவில் மணிக்கணக்கில் திணறடித்தது.

உடனே உன் ஆம்பூர் யூனிட் ஞாபகம்தான் வந்தது. "ஆன்டிவைரஸ் இருக்குடா" என்பாய். ரெக்கார்டரில் எங்கேடா ஆன்டிவைரஸ் போடுவாய்? பிரிண்டரில்? அந்தப் பெட்டிகள் என்ன செய்கின்றன என்று வயரில்தான் பார்க்க முடியும்.

பிரிண்டர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில், பணப் பரிமாற்றங்களை அச்சடிக்கும் பிரிண்டர் நின்றுபோனது. வழக்கமான மக்கர் என்று விட்டுவிட்டார்கள். வைரஸ் வைத்து அதை நிறுத்தியவர்கள் அதற்குள் நியூயார்க்கில் இருந்த அந்த வங்கியின் கணக்கிலிருந்து பணத்தைக் கிளப்பிவிட்டார்கள். பிலிப்பைன்ஸுக்கு மட்டும் 8.1 கோடி டாலர் போனது. அத்தனை பெரிய வங்கிக்கே அந்தக் கதி. ஐரோப்பாவிலிருந்து வரும் உன் ஆர்டர் பணம் ஒரு தடவை வேறு கணக்குக்குப் போனால் தாங்குவாயா?

இன்னொன்று. போன தடவை "ஆபீஸ் பசங்க ஃபேஸ்புக் பாக்கறத புடிக்கலாமா" என்று கேட்டாயே, அதற்கு நான் ஆள் இல்லை. எந்தப் பெட்டி யாரோடு, எத்தனை மணிக்கு, எவ்வளவு பேசுகிறது என்பது போதும். யார் என்ன எழுதுகிறார்கள் என்று எட்டிப்பார்ப்பது அசிங்கம். இப்படி ஒன்று ஓடுகிறது என்று பசங்களிடமும் முதலிலேயே சொல்லிவிடு.

எந்தப் பெட்டி எப்போது என்ன செய்தது என்ற பதிவு இருக்கிறதே, லாக், அதில் எதையும் அழிக்காதே. 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஏதாவது நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022-லேயே உத்தரவு போட்டுவிட்டது. லாக்கே இல்லாமல் எதைக் காட்டுவாய்?

ஞாயிற்றுக்கிழமை வந்து உன் யூனிட்டிலும் ஸாபிக்ஸ் போட்டுத் தருகிறேன். அதற்கு முன் சுவிட்சின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. நீ பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியதாகப் பீற்றிக்கொண்ட அதே சுவிட்ச் என்றால், போர்ட் கணக்கு எதுவும் சொல்லாது, இந்த வேலைக்கு ஆகாது, புதுசுக்குப் பணம் எடுத்து வை. பிரியாணி உன் செலவு.

உன்,
ரவி