மாமல்லபுரத்து விடுதி உரிமையாளர்களுக்கு: நம் கலங்கரை விளக்கம் உங்கள் சுவருக்கு வரட்டும்

மாமல்லபுரத்திலும் சுற்றியுள்ள கடற்கரையிலும் விடுதி, உணவகம், ஹோம்ஸ்டே நடத்தும் உங்களுக்கு வணக்கம்.

வரவேற்பறைக்குக் கடற்கரைப் படம் வேண்டுமென்றால், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஏதோ ஒரு மேல்நாட்டுக் கலங்கரை விளக்கப் படத்தை இணையத்திலிருந்து இறக்கி ஃப்ளெக்ஸ் கடையில் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. உங்கள் ஊரிலேயே, 1904இல் முழுமையாக இயங்கத் தொடங்கிய கலங்கரை விளக்கக் கல் கோபுரம் நிற்கிறது. அதன் பக்கத்துப் பாறையில், மகிடாசுரமர்த்தினி மண்டபத்துக்கு நேர் மேலே, பல்லவர் கட்டிய ஒலக்கண்ணேசுவரர் கோயில். இந்தக் கோபுரம் எழுவதற்கு முன் விளக்கு எரிந்தது அந்தக் கோயில் கூரையில்தான். இரண்டும் ஒரே படத்தில் அமையும் பாக்கியம் எத்தனை ஊருக்கு வாய்க்கும்? இந்தக் கரையில் படமெடுக்கிறவர்களும் அதை அச்சிட்டு ஃபிரேம் போடுகிறவர்களும் சேர்ந்து கேட்கிறோம்: இந்தப் படத்தை மாட்டுங்கள், உப்புக்காற்றில் கெடாதபடி செய்து மாட்டுங்கள்.

படம் எடுக்கச் சொல்லும்போது நேரத்தைப் பேசிக்கொள்ளுங்கள். கோபுரத்துக்குக் கிழக்கே கடல். சூரியன் எழுவதற்கு ஏறக்குறைய 20 நிமிடம் முன்பு வானம் நீலமாகவும் விளக்கு பளிச்சென்றும் இருக்கும். அந்தச் சில நிமிடங்களில்தான் இரண்டும் ஒன்றாகப் பதியும். விளக்கு ஒரு சுற்று சுற்றும் நேரத்தைவிட ஷட்டர் திறந்திருக்கும் நேரம் குறைந்தால், விளக்கறை இருண்டு போன படம் கிடைக்கலாம். கல்லின் சொரசொரப்பு வேண்டுமென்றால் உதயத்துக்குப் பிந்தைய அரைமணி நேரம். மார்கழியில் சூரியன் தென்கிழக்காகவும் ஆனியில் வடகிழக்காகவும் எழுவதால், ஒரே இடத்திலிருந்து எடுத்தாலும் நிழல் விழும் பக்கம் மாறும். மாலையில் கடற்கரையிலிருந்து எடுத்தால் கோபுரம் வெறும் கரிய உருவம். அடிவாரத்தில் நின்று அகல லென்ஸில் எடுத்தால் கோபுரம் பின்னால் சாயும். கணினியில் நிமிர்த்தும்போது இரு ஓரமும் வெட்டுப்படும். தள்ளி நின்று 70 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸில் எடுத்த படத்தைக் கேளுங்கள்.

கோப்பை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வாங்கவே வாங்காதீர்கள். நீளப்பக்கம் சுமார் 1,600 பிக்சலாகச் சுருங்கிவிடும். 40 அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு வெறும் 40 பிக்சல். 24 மெகாபிக்சல் கேமராவின் 6,000 × 4,000 கோப்பு அதே 40 அங்குலத்தில் 150 தரும். ஆறடி தள்ளிப் பார்க்கும் வரவேற்பறைக்கு 100 போதும். இரண்டடியில் ஆள் நடக்கும் வராந்தாவுக்கு 150க்குக் குறையக் கூடாது. ஐந்து துண்டாகப் பிரித்து மாட்டும் மோகம் இருந்தால், கோபுரம் முழுதும் ஒரே துண்டுக்குள் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். இடைவெளியில் விளக்கறை விழுந்தால் படமே வீண்.

பணம் வீணாவது பெரும்பாலும் அடுத்த கட்டத்தில். சன்போர்டில் (லேசான நுரைப் பலகையில்) ஒட்டிய வினைல், ஏசி ஓடுவதும் நிற்பதுமாக இருக்கும் அறையில் ஓரம் தூக்கிக் குமிழ் விடும். எளிதில் வெளிறாத பிக்மென்ட் மையில் அச்சிட்ட பருத்தித் தாளோ கேன்வாஸோ கேளுங்கள். கேன்வாஸ் என்றால் சட்டத்தின் ஆழத்துக்கு மடிக்க நாலு பக்கமும் சுமார் 2 அங்குலம் போகும்; அதற்கான வானமும் பாறையும் படத்திலேயே இருக்க வேண்டும். 36 அங்குலத்துக்கு மேல் போனால் நடுவில் குறுக்குச்சட்டம் கட்டாயம், இல்லாவிட்டால் மரம் வளையும். மூலைகளில் ஆப்பு வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் துணி தொய்ந்தால் தட்டி இறுக்கலாம். தாள் என்றால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே 2 மி.மீ. மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வரும் கெட்டி அட்டை) இருக்கட்டும். நேராகத் தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மை உரியும். விடியல் படம் இருண்டது. ஜன்னலுக்கு எதிரே கண்ணாடி போட்டால் ஜன்னல்தான் தெரியும்.

முழு அச்சுக்கு முன், விளக்கறையும் பாறையும் வரும் பகுதியை மட்டும் இறுதி அளவிலேயே ஏ4 தாளில் அச்சிட்டு வாங்கி, உங்கள் கூடத்து விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். மஞ்சள் எல்இடியில் அந்த நீலம் செத்துப்போகும். அதை அப்போதே திருத்தினால் செலவு மிகக் குறைவு.

மாட்டும்போது படத்தின் நடு, தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரட்டும். சோஃபாவுக்கு மேலே என்றால் அதன் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இரும்பு ஆணி உப்பில் துருவேறிச் சுவரில் கோடாக வழியும். 316 ரக ஸ்டெயின்லெஸ் கொக்கி இரண்டு போடுங்கள். பின் மூலைகளில் ரப்பர் குமிழ் ஒட்டிச் சுவருக்கும் ஃபிரேமுக்கும் ஒரு செ.மீ. காற்றோட்டம் விடுங்கள். குளியலறைச் சுவரின் மறுபக்கமும், மழைச்சாரல் நேராக அடிக்கும் வெளிச்சுவரும் வேண்டாம். பூஞ்சை பின்பக்கத்திலிருந்துதான் ஏறும்.

இணையத்தில் கிடைத்த படத்தை அனுமதியின்றி எடுத்துக்கொள்வது சட்டப்படியும் தவறு. எடுத்தவரின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. எழுத்தில் அனுமதி வாங்குங்கள், எத்தனை பிரதி, எந்த அளவு என்று அதிலேயே குறியுங்கள். ஒலக்கண்ணேசுவரர் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அந்த வளாகத்தில் கேமரா முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை முன்கூட்டியே போட்டுவிட்டால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து காற்று தெளிந்திருக்கும் தை மாதத்திலேயே படத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
இந்தக் கரையின் படப்பிடிப்பாளர்கள், அச்சிடுவோர், ஃபிரேம் போடுவோர்