பட்டா இல்லாத சொத்துக்கு 25 ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமா?

அனுப்புநர்
உறுப்பினர்,
திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர் – 607002.

பெறுநர்
பொது மேலாளர் அவர்கள்,
உறுப்பினர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

நாள்: 16.06.2025

பொருள்: ஆண்டுதோறும் உங்கள் விடுதிகளில் தங்குவதற்கான 25 ஆண்டு விடுமுறை உறுப்பினர் ஒப்பந்தத்தை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 21,240 ரூபாயை உடனே செலுத்தும்படி தாங்கள் அனுப்பிய அறிவிப்பு வந்து சேர்ந்தது. கட்டணம் 18,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கூட்டல் சரியாகவே இருக்கிறது. இரும்புக் கடை வைத்திருப்பவன் என்பதால் முதலில் அதைத்தான் பார்த்தேன். ஆனால் இந்தப் பணத்தை நான் கட்டப்போவதில்லை. ஒப்பந்தத்திலிருந்தே விலக விரும்புகிறேன். உங்கள் சேவை மையத்தில் தொலைபேசியில் சொன்னால் "விலகும் வசதி இல்லை சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆகவே எழுத்தில் தருகிறேன்.

2024 பிப்ரவரியில், கண்காட்சி ஒன்றில் நிரப்பிய குலுக்கல் சீட்டுக்குப் பரிசு விழுந்திருப்பதாகவும், கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்தால்தான் தருவோம் என்றும் அழைத்தீர்கள். புதுச்சேரியில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டல் ஒன்றில் கூட்டம். ஒன்றரை மணி நேரம் என்றது மாலை வரை நீண்டது. "இன்று கையெழுத்திட்டால்தான் இந்த விலை" என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து உட்கார்ந்தார்கள். பரிசாகத் தந்த மின் அடுப்பு இன்றும் நன்றாக எரிகிறது. அதில் எனக்குக் குறையில்லை.

அன்று உங்கள் விற்பனை அலுவலர்கள் சொன்னவை இவை. இது சொத்து, பிள்ளைகளுக்குப் போகும். போகாத ஆண்டில் அறையை வாடகைக்கு விட்டால் பராமரிப்புக் கட்டணம் அதிலேயே வந்துவிடும். வேண்டாம் என்றால் நிறுவனமே விற்றுத் தரும்.

சொத்து என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு இருக்க வேண்டும். பட்டா, வில்லங்கச் சான்று என்று ஏதாவது காட்ட வேண்டும். உங்கள் ஒப்பந்தமோ, எந்த விடுதியின் நிலத்திலும் கட்டடத்திலும் உறுப்பினருக்கு உரிமை கிடையாது, இடம் இருந்தால் ஆண்டுக்கு ஏழு இரவு தங்கும் அனுமதி மட்டுமே என்கிறது. வாடகைக்கு விடக்கூடாது என்று ஒரு விதி. விற்பனை அலுவலர் வாய்மொழியாகச் சொன்ன எதற்கும் நிறுவனம் பொறுப்பாகாது என்று இன்னொரு விதி. ஆளை அனுப்பிப் பேசச் சொல்லிவிட்டு, அவர் பேச்சு செல்லாது என்று அச்சடித்து வைப்பது என்ன வணிகம்?

பத்து நாளுக்குள் ரத்து செய்யலாம் என்ற விதியைத்தான் உங்கள் ஊழியர்கள் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். அந்தப் பத்து நாள் கையெழுத்திட்ட தேதியிலிருந்து ஓடத் தொடங்குகிறது. ஓட்டலில் என்னிடம் தந்தது விண்ணப்பப் படிவத்தின் நகல் மட்டும். விதிகள் அடங்கிய புத்தகம் கூரியரில் வந்தது மார்ச் மாதம். பையின் மேல் உங்கள் அலுவலகம் அனுப்பிய தேதியே இருக்கிறது, நகலை இணைத்துள்ளேன். கையில் இல்லாத விதியை நான் எப்படிப் பயன்படுத்தியிருக்க முடியும்?

இனி சேவையைப் பற்றி. பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு போகக் கேட்டால் மலை விடுதி எதிலும் அறை கிடைப்பதில்லை. அதே நாட்களில் அதே விடுதியின் அறைகள் வெளியாருக்கு இணையத்தில் விற்பனைக்கு இருக்கின்றன. ஒருமுறை ஏற்காடு கிடைத்தது. பிறகு 2024 டிசம்பர் 2 முதல் கொடைக்கானலில் பதிவு செய்தேன். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, கடலூர்–புதுச்சேரி சாலையில் போக்குவரத்தே நின்றது. கடைக்குள் தண்ணீர். புறப்பட முடியாது என்று உடனே தெரிவித்தேன். நீங்களோ, வராத கணக்கில் எழுதி அந்த ஆண்டின் மிச்ச இரவுகளைக் கழித்துவிட்டீர்கள். இயற்கைச் சீற்றத்தால் அறை தர முடியாவிட்டால் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. உறுப்பினருக்கு அப்படி ஒரு வரி இல்லை.

இடையில் ஒருவர், என் உறுப்பினர் உரிமையை வாங்க ஆள் இருப்பதாகவும் ஜிஎஸ்டிக்கு முன்பணம் அனுப்பும்படியும் பேசினார். என் உறுப்பினர் எண்ணும் பாக்கித் தொகையும் அவருக்குத் தெரிந்திருந்தன. இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணில் புகார் செய்துவிட்டேன். அந்த விவரங்கள் வெளியே போனது எப்படி என்று நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்போது விலகினால் கட்டியது திரும்பாது, மீதித் தவணைகளையும் கட்ட வேண்டும் என்கிறீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(46), இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டத்தை நுகர்வோர் மீது சுமத்துவதை நியாயமற்ற ஒப்பந்தத்தின் கூறாகச் சொல்கிறது. வழக்கு உங்கள் தலைமையக நகரில்தான், அதுவும் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ப்புச் சொல்லும் நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) முன்புதான் என்ற விதியும் என்னைத் தடுக்காது. நுகர்வோர் தான் வசிக்கும் ஊரிலேயே புகார் தர அந்தச் சட்டம் இடம் தருகிறது. நடுவர் விதி நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018-இலேயே சொல்லிவிட்டது. எனக்கு வயது 61. இந்த ஒப்பந்தம் முடியும் 2049-இல் 85 ஆகியிருக்கும்.

மொத்த விலை 3,20,000 ரூபாய். ஆண்டுக்கு 12,800 விழுகிறது. முன்பணமும் தவணையுமாக 1,55,000 செலுத்தியிருக்கிறேன். நடப்பு ஆண்டையும் சேர்த்து இரண்டு ஆண்டுக்கு 25,600 எடுத்துக்கொள்ளுங்கள். மீதி 1,29,400 ரூபாயை என் வங்கிக் கணக்கில் செலுத்தி, ஒப்பந்தம் ரத்தானதற்கும் பாக்கி ஏதும் இல்லை என்பதற்கும் கடிதம் தர வேண்டும். தவணைக்காகக் கொடுத்திருந்த தானியங்கிப் பற்று அனுமதியை நிறுத்தும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

30 நாளுக்குள் பதில் வராவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டுக்கும் முறையற்ற வணிகத்துக்கும் புகார் தருவேன். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் அங்கே கட்டணமும் இல்லை. ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதிட சென்னையில் மாநில ஆணையம் இருக்கிறது.

பதிலைப் பதிவுத் தபாலில் அனுப்பவும். ஓட்டலுக்கு நேரில் வந்து பேசச் சொல்லும் அழைப்புகளை ஏற்க மாட்டேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: விண்ணப்ப நகல், கூரியர் பையின் நகல், பணம் செலுத்திய ரசீதுகள், டிசம்பர் மாதக் கடிதப் போக்குவரத்து.