மணிமேகலை எங்கே என்று கேட்ட சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பா,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் அதைக் கேட்கத்தான் கூப்பிட்டேன். நீங்களோ டி.வி.யில் மறுபடி மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ படம் போட்டதைப் பார்த்துவிட்டு, கல்கியின் நாவலில் வரும் மணிமேகலையை விட்டுவிட்டார்களே என்று கொதித்துக்கொண்டிருந்தீர்கள். “மணிமேகலையே இல்லாம என்னம்மா பொன்னியின் செல்வன்? சாம்பார்ல பருப்பே போடாத மாதிரி.” நான் பதில் சொல்ல வாயெடுத்தால் “ஹலோ, கேக்குதா, கேக்கலையே” என்று வைத்துவிடுகிறீர்கள். தோற்கிற வாதத்தில் மட்டும் உங்கள் வீட்டுப்பக்கம் டவர் கிடைப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

2022இல் சிதம்பரத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பாகம் பார்த்தது, படத்தைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது. போர்க்களத்தில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் குதிரையில் வந்ததுமே “ஏரி எங்கே?” என்றீர்கள். நாவல் வீராணம் ஏரிக்கரையில்தானே தொடங்குகிறது. முன்சீட்டுப் பையன் திரும்பிப் பார்த்தான். இடைவேளைக்குள் அவன் நாலு முறை திரும்பிவிட்டான். இரண்டாம் பாகத்துக்கு வரவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு முதல் வாரமே வந்தீர்கள். கடம்பூர் மாளிகையைக் காட்டிய நிமிஷத்திலிருந்து தூணுக்குப் பின்னால், திரைச்சீலைக்குப் பின்னால் என்று மணிமேகலையைத் தேடிக்கொண்டே இருந்தீர்கள். கந்தமாறன் இருக்கிறான், அவன் தங்கை இல்லை. நாவலில் அரியணைக்கு உரியவனாகத் தெரியவரும் சேந்தன் அமுதன், கடைசியில் வெறும் சேந்தன் அமுதனாகவே நின்றுவிட்டபோது எழுந்து வெளியே போய்விட்டீர்கள். நான்தான் உங்கள் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன்.

உங்கள் கோபத்தின் ஊற்று எனக்குத் தெரியும். பாட்டி வாராவாரம் கல்கி பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, காலிகோ பைண்டிங் போட்டு வைத்த அந்த ஐந்து பாகங்கள்தான் உங்களுக்கு மூலப்பிரதி. அதில் கதாநாயகன் வந்தியத்தேவன் சுரங்கத்துக்குள் இறங்கும் பக்கத்தின் பின்பக்கம் பாதி பல்பொடி விளம்பரம் இருக்கும். இன்னொரு இடத்தில் ஒரு ஜோக்கின் முதல் பாதி மட்டும் இருக்கும். டாக்டரிடம் நோயாளி என்னவோ கேட்பார், டாக்டர் சொன்ன பதில் வெட்டுப்பட்ட பக்கத்தோடு போயிற்று. ஒன்பது வயதில் எனக்கு நந்தினி யார் பெற்ற பெண் என்பதைவிட அந்த டாக்டர் என்ன சொன்னார் என்பதுதான் பெரிய மர்மம்.

அந்த வயதில்தான் ஓர் ஆடிப் பதினெட்டு அன்று என்னை டி.வி.எஸ். 50இல் ஏற்றி வீராணம் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனீர்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு முதல் அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தீர்கள். எழுபத்து நான்கு கணவாய் வழியாகத் தண்ணீர் பாய்கிறது என்று வந்ததும் எனக்கு எண்ணிப் பார்க்க ஆசை. கரையோடு ஓட்டிக்கொண்டே போனோம். பத்துப் பதினைந்துக்கு மேல் போவதற்குள் எனக்குப் பசி வந்துவிட்டது. கமுகு மட்டையில் சித்திரான்னம் வைத்துச் சாப்பிட்டவர்கள் ஒருவரையும் காணோம். பட்டாணி சுண்டல்தான் கிடைத்தது. “சித்தப்பா, புக்ல இருக்கற மாதிரி இல்லையே” என்றேன். “ஏரி அப்படித்தாம்மா இருக்கும், கல்கி எழுதினது வேற ஏரி” என்றீர்கள். அன்றைக்கு ஏரியைத் திட்டவில்லை, கல்கியையும் திட்டவில்லை. மணிரத்னத்துக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை இல்லை?

இன்னொன்று. நீங்கள் பிரதோஷம் தவறாமல் போகிற உடையார்குடி கோயில் சுவரில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறதே, அதை எனக்குத் தொட்டுக் காட்டியதும் நீங்கள்தான். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களும், அவர்கள் உறவினரின் சொத்தைப் பறித்த விவரமும் அதில் இருக்கின்றன. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராயன் என்று அதிகாரிக்குரிய பட்டம்கூட உண்டு. கல்கி அவனை என்ன செய்தார்? ராத்திரியில் ஆந்தை மாதிரி கத்துகிற மந்திரவாதியாக்கினார். வந்தியத்தேவன் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவன் என்ற ஒற்றைக் குறிப்பு. அதிலிருந்து ஒரு குதிரை, ஓயாத வாய், பசி, அசட்டுத் தைரியம் எல்லாம் செய்தார். நந்தினி எந்தக் கல்லிலும் இல்லை. பூங்குழலி இல்லை. உங்கள் மணிமேகலையும் இல்லை. கல்லில் இருந்ததைக் கல்கி தம் கதைக்கு ஏற்ப வளைத்தார், சேர்த்தார், விட்டார். அதை நாம் கொண்டாடுகிறோம். அவர் கதையை இன்னொருவர் வளைத்தால் மட்டும் குற்றமா?

உடனே என்னை மணிரத்னம் கட்சி என்று முத்திரை குத்திவிடாதீர்கள். எனக்கும் அந்தப் படத்தின்மேல் வருத்தம் உண்டு. உங்கள் வருத்தத்துக்கு நேர் எதிரானது அது. படம் போதுமான அளவு விடவில்லை. மணிமேகலையை விட்ட தைரியத்தில் இன்னும் பத்துப் பேரை விட்டிருக்க வேண்டும். இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் போகும் கதையை இரண்டு பாகமாகச் சுமார் ஐந்தரை மணி நேரத்தில் சொல்லக் கிளம்பி, எல்லா ஸ்டேஷனிலும் இரண்டு நிமிஷம் நிற்கும் ரயில் மாதிரி ஆகிவிட்டது. கடம்பூர், தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, இலங்கை. இறங்கிக் கால் நீட்டுவதற்குள் விசில் ஊதிவிடுகிறார்கள். நாவலின் சுகமே வந்தியத்தேவன் வழியில் நின்று வேடிக்கை பார்ப்பதுதானே? வாசகர் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம் படம் நெடுக அவன் குதிரையை விரட்டுகிறது. கரிகாலனும் நந்தினியும் தனியாக எதிரெதிரே நிற்கும் இடத்தில் மட்டும் படம் மூச்சு விடுகிறது. அங்கே நீங்கள்கூட வாயைத் திறக்கவில்லை, கவனித்தேன்.

இப்போது நீங்கள் மறுக்க முடியாத ஒருவரைக் கூப்பிடுகிறேன். எம்.ஜி.ஆர். இந்த நாவலைப் படமாக்க உரிமை வாங்கியது உங்களுக்குத் தெரியும். அதற்குத் திரைக்கதை எழுத அவர் தம் வீட்டுக்கே அழைத்து உட்கார வைத்த இளைஞர் யார்? காரைக்குடி கல்லூரியில் எம்.ஜி.ஆரை மேடையில் வைத்துக்கொண்டே சினிமாவை வாங்கு வாங்கென்று வாங்கி, அவரிடமே பாராட்டும் பெற்ற மகேந்திரன். அந்தப் படம் நடக்கவில்லை. மகேந்திரன் பிறகு ‘தங்கப்பதக்கம்’ எழுதினார். சிவாஜி பேசப் பேசத் தியேட்டர் அதிர்ந்தது. அப்படி வசனத்தால் பெயர் வாங்கியவர், 1978இல் ‘முள்ளும் மலரும்’ எடுத்தபோது வசனத்தைக் கிள்ளிக் கிள்ளி வைத்தார். பேச்சே இல்லையே என்று தயாரிப்பாளருக்கே கலக்கம். அதற்கு மூலமான உமா சந்திரனின் நாவலில் நாயகன் காளியின் கையைப் புலி கொண்டுபோகும். படத்தில் லாரி. புலியை விட்டுவிட்டார் என்று நீங்கள் யாரிடமாவது சண்டை போட்டிருக்கிறீர்களா? நாவல் ஒன்று இருப்பதே உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியும்!

அடுத்த வருஷம் ‘உதிரிப்பூக்கள்’. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’தான் வித்து என்று டைட்டிலில் நன்றியோடு போட்டார். கதையைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் குழந்தைகளும் சித்தி என்ற உறவும் கொஞ்சம் ஒட்டியிருக்கும், மற்றதெல்லாம் வேறு. கடைசிக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? குடும்பத்தையும் ஊரையும் வதைத்த சுந்தரவடிவேலுவை ஊரே சேர்ந்து ஆற்றுக்கு நடத்திக்கொண்டு போகும். யாரும் அவனை அடிப்பதில்லை. அவன் திரும்பி, இத்தனை நாள் செய்த தப்பிலேயே பெரிய தப்பு உங்களையும் என்னை மாதிரி ஆக்கியதுதான் என்கிறான். அந்தச் சனங்களின் முகத்தைப் பாருங்கள். ஜெயித்தவர்களின் முகமா அது? கரையில் அவனுடைய இரண்டு குழந்தைகள் மிச்சம். இருபது வருஷமாகப் பார்க்கிறேன், அந்த இடத்தில் இன்னமும் எனக்குக் கை சில்லிட்டுப்போகிறது. ‘சிற்றன்னை’யை வரிக்கு வரி எடுத்திருந்தால் அந்த ஆறு நமக்குக் கிடைத்திருக்காது.

அவர் அன்று எழுதிய பொன்னியின் செல்வன் படமாகியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று சில ராத்திரி யோசிப்பேன். அப்போது அவருக்கு இருபது வயது சொச்சம். உங்கள் தலைவர் நடிக்கிற படம் வேறு. அநேகமாக எதையும் விட்டிருக்க மாட்டார்.

ஆடிப் பதினெட்டுக்கு வருகிறேன். டி.வி.எஸ்.ஸை விற்றுவிட்டீர்கள், பரவாயில்லை, என் ஸ்கூட்டரில் போகலாம். பழையபடி கரையோடு எண்ணிக்கொண்டே போவோம். ராத்திரி ‘உதிரிப்பூக்கள்’ போட்டுக் காட்டுகிறேன், நடுவில் பேசக்கூடாது.

வரும்போது ஐந்தாம் பாகத்தையும் கொண்டுவருகிறேன். ஆமாம், என்னிடம்தான் இருக்கிறது. மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் கண்ணை மூடுகிற இடத்தைப் படித்து அழுதுவிட்டு, பத்தாம் வகுப்பு லீவில் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எதிர்வீட்டு வாத்தியார் எடுத்துப்போய்விட்டார் என்று இத்தனை வருஷம் அவரோடு சரியாகப் பேசாமல் இருக்கிறீர்கள். நான் வருவதற்குள் அவரைக் கூப்பிட்டு ஒரு காபி கொடுத்துவிடுங்கள்.

சித்திக்கு என் அன்பு.

உங்கள் பாப்பா