பேத்தி தொடங்கும் அறக்கட்டளையும் உனக்கொரு வேலையும்

அன்புள்ள சாந்தா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். இவருக்கு இரத்த அழுத்தம் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. மற்றபடி நான் எழுத வேண்டியதெல்லாம் பேத்தி நிலாவைப் பற்றித்தான். அதில் உனக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

நிலாவும் அவள் வகுப்புப் பிள்ளைகள் சிலரும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்குகிறார்கள். ஆப்பிரிக்காவில் மலேரியாவைத் தடுக்கும் கொசுவலைகளுக்குப் பணம் திரட்டப் போகிறார்களாம். எல்லோருக்கும் பதினைந்து, பதினாறு வயதுதான். உயிரியல் பாடத்தில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவைப் படிக்கப் போய், அதனால் இறந்தவர்களின் கணக்கையும் தேடிப் படித்திருக்கிறார்கள். 2023இல் மட்டும் உலகில் சுமார் 6 லட்சம் பேர் மலேரியாவுக்குப் பலி. அதில் 95 சதவீதம் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நாலில் மூன்று பங்கு ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தைகள். "பாட்டி, தம்பி வயசு. மருந்து இருக்கு, தடுக்க வழியும் இருக்கு, அப்புறம் ஏன் சாகணும்?" என்று கேட்டாள். நீ மலாவியில் செவிலியாக இருந்தபோது எனக்கு எழுதிய கடிதங்களை எடுத்து அவளிடம் கொடுத்தேன். மழைக்காலத்தில் ஒரே கட்டிலில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்க வைத்ததாக எழுதியிருந்தாயே, அதைத் தோழிகளுக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

முதலில் தாங்களே வலை வாங்கிக் கப்பலில் அனுப்புவதாக இருந்தார்கள். விசாரித்ததும் அதைக் கைவிட்டார்கள். அந்தந்த நாட்டுச் சுகாதாரத் துறை வீடு வீடாக ஆள் கணக்கெடுத்து, இரண்டு பேருக்கு ஒரு வலை என்ற அளவில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகக் கொடுக்கிறது. நடுவே யாரோ ஒரு பெட்டி வலையை இறக்கினால் அவர்களுக்குக் குழப்பம்தான் மிச்சம். அதனால், வலைகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று வெளிப்படையாகக் கணக்குக் காட்டும் அமைப்பு ஒன்றின் வழியாகப் பணம் கொடுக்க முடிவு செய்திருக்கிறார்கள். அறக்கட்டளைக்குத் தங்கள் பெயர் வைக்கும் ஆசையையும் அதோடு விட்டார்கள். இந்த வயதில் அது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

பெரிய வாக்குவாதம் எந்த வலை என்பதில். பழைய வகை வலையில் பைரித்ராய்டு என்ற கொசுக்கொல்லி மருந்து மட்டும் இருக்கும். பல இடங்களில் கொசுக்கள் அதைத் தாங்கப் பழகிவிட்டன. குளோர்ஃபெனாபிர் என்ற இன்னொரு மருந்தும் சேர்ந்த புதுவகை வலையை 2023இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆனால் அதற்கு விலை கூடுதல். ஒரு பையன், "எண்ணிக்கை அதிகமாக இருந்தால்தான் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும், ஆட்களும் பணம் தருவார்கள்" என்றான். நிலா, "கொசு சாகாத வலையை எத்தனை கொடுத்தால் என்ன?" என்று எதிர்த்தாள். நான் குறுக்கிடவே இல்லை. கடைசியில் அந்தப் பையனே, எந்த ஊர்க் கொசுவுக்கு எந்த மருந்து வேலை செய்கிறது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு வந்தான்.

ஏரிக்கரை ஊர்களில் சிலர் கொசுவலையை மீன்பிடிக்கப் பயன்படுத்துகிறார்கள் என்று படித்ததும் பிள்ளைகளுக்குக் கோபமான கோபம். "இப்படிச் செய்தால் எதற்குக் கொடுக்க வேண்டும்?" என்றார்கள். அப்படிச் செய்யும் ஒரு தாய்க்கு இன்றைய பசி கண்முன்னே இருக்கிறது, காய்ச்சல் நாளைக்குத்தானே என்று நான் சொல்லிப் பார்த்தேன். அங்கே வாழ்ந்தவள் நீ. நீ சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும்.

அழும் குழந்தையின் படத்தைச் சுவரொட்டியில் போடலாம் என்ற யோசனையும் வந்தது. "என் தம்பி படத்தை இப்படிப் போட அம்மா விடுவாளா?" என்று ஒருத்தி கேட்க, பேச்சு அதோடு முடிந்தது.

இவர்கள் திரட்டும் சின்னத் தொகையால் என்ன ஆகிவிடும் என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. 1938இல் அமெரிக்காவில் போலியோவுக்கு எதிராக ஆளுக்குப் பத்து சென்ட் அனுப்பச் சொல்லிக் கேட்டபோது, வெள்ளை மாளிகைக்குக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. ஜோனஸ் சால்க் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்த போலியோ தடுப்பூசிக்கு அந்த இயக்கத்தின் பணம்தான் துணை நின்றது. 1954இல் அதைச் சோதித்துப் பார்த்தபோது பங்கேற்றவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான், சுமார் 18 லட்சம் பேர்.

என் கவலை வேறு. ஒரு வலை ஏறக்குறைய மூன்று வருடம் தாங்கும். அது கிழியும்போது இந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு கல்லூரியில் இருப்பார்கள். அதனால் இப்போதே கீழ்வகுப்புப் பிள்ளைகள் இருவரைச் சேர்த்துப் பழக்கச் சொல்லியிருக்கிறேன். வங்கிக் கணக்குக்கும் பதிவுக்கும் பெரியவர்கள் கையெழுத்து வேண்டும். ஒரு கையெழுத்து என்னுடையது.

இன்னொன்று உன்னுடையதாக இருக்கட்டும், சாந்தா. பெயருக்குப் போடும் கையெழுத்தாக வேண்டாம். மாதம் ஒருமுறை தொலைபேசியில் அவர்களோடு பேசு, கணக்கைக் கேள், தவறாகப் போனால் கண்டிப்பாகச் சொல். 2019இல் மலேரியா தடுப்பூசியை முதலில் போடத் தொடங்கிய நாடு உன் மலாவிதான் என்று கண்டுபிடித்ததிலிருந்து, நிலா உன்னிடம் கேட்கக் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். வரும் ஞாயிறு மாலை கூப்பிடச் சொல்லட்டுமா? உனக்கு எந்த நேரம் வசதி என்று எழுது.

அன்புடன்,
கமலா