மைக் ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பார்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்கு வயலின் அரங்கேற்றம் என்றதும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே கொழும்பில் சுகம்தான், காலி வீதி நெரிசல் மட்டும் நாளுக்கு நாள் கூடுகிறது.

சரி, கமரா விஷயம். நீ எழுதியிருந்த கெனான் 1500டி, நிக்கோன் டி3500 இரண்டும் படம் எடுக்க நல்ல சாமான்கள்தான், விலையும் கைக்கு அடங்கும், ஆனால் இரண்டிலும் வெளியே இருந்து மைக் செருக ஓட்டையே இல்லை. கச்சேரியைப் பதிய நினைக்கிற உனக்கு அது சரிவராது. கமராவுக்குள் இருக்கிற மைக்கில் வயலினைவிட மேலே சுற்றும் ஃபானும் பின்வரிசையில் அழும் குழந்தையும்தான் நன்றாகக் கேட்கும். கடைக்காரர் 24 மெகாபிக்சல் என்று பெருமையாகச் சொல்வார். ஃபுல் எச்டி வீடியோவுக்கு 2 மெகாபிக்சல் போதும், அதைக் காதில் போடாதே.

என்னைக் கேட்டால் கெனான் 200டி. 2017இல் வந்தது, மைக் ஓட்டையும் உண்டு, திரையை வெளியே இழுத்துத் திருப்பலாம், எல்லாவற்றையும்விட டூவல் பிக்சல் ஃபோகஸ் இருப்பதால் வீடியோ ஓடும்போதே முகத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. நிக்கோன் டி5600இலும் மைக் போடலாம், ஆனால் வீடியோவில் அதன் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடி அலையும். 200டி-யின் இரண்டாவது மொடலில் ஃபுல் எச்டியைவிடத் துல்லியமான 4கே வீடியோ இருக்கிறதே என்பாய். 4கே போட்டால் காட்சியின் ஓரம் வெட்டுப்படும், அந்த டூவல் பிக்சலும் வேலை செய்யாது, பிறகு என்னத்துக்கு?

இப்போது கம்பெனிகள் பெரும்பாலும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராக்கள் பக்கம் போய்விட்டதால், இந்தப் பழைய வகையில் பாவித்த கமராவே வாங்கலாம். லென்ஸை மட்டும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார், உள்ளே சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பங்கசு, அதாவது பூஞ்சணம், எவ்வளவு குறைத்தாலும் தொடாதே. கொழும்பு ஈரக்காற்றில் அலுமாரிக்குள் கிடந்த லென்ஸ்களுக்கு இது சர்வசாதாரணம். மிஞ்சும் காசில் ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் எடு, மண்டபத்து மங்கல் வெளிச்சத்துக்கு அதுதான் சரி. ஆனால் 200டி-யில் அது 80 மி.மீ. போலக் கிட்டவாகக் காட்டும், அதனால் முன்வரிசையில் போய் நிற்காதே.

அப்புறம், மெனுவில் வீடியோவை பால் (PAL) முறை, விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதற்குப் பொருந்தாத வேகத்தில் எடுத்தால் டியூப் லைட் வெளிச்சம் வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும். கனடாவில் இருந்து தம்பி அனுப்பும் கமரா வேறு முறையில் இருந்தாலும் மெனுவில் இதை மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று, 29 நிமிடம் 59 விநாடியில் பதிவு தானாக நின்றுவிடும். ஒவ்வொரு உருப்படி முடிந்ததும் நிறுத்தி மறுபடி அழுத்து, இல்லாவிட்டால் தனி ஆவர்த்தனத்துக்கு நடுவில் நின்றுபோய் மிருதங்கக்காரர் உன்னோடு கோபித்துக்கொள்வார்.

கொழும்புக்கு எப்போது வருகிறாய் என்று எழுது, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்குவோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பாதிக் கடை பூட்டு. மைக் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதற்குக் காசு செலவழிக்காதே.

அன்புடன்,
ரவி