‘குவைட் குட்’ என்றால் எவ்வளவு குட்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் ரிப்போர்ட்டுக்கு மேனேஜர் ‘குவைட் குட்’ என்று எழுதியதை எனக்கு அனுப்பி, பக்கத்தில் இரண்டு இதயமும் போட்டிருந்தாய். இதயத்தைக் கொஞ்சம் பொறுத்துப் போட்டிருக்கலாம். அமெரிக்கர் எழுதினால் அதற்கு ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்று பொருள். இங்கிலாந்தில், நீ இருக்கிற லீட்ஸ்காரர் எழுதினால் பெரும்பாலும் ‘பரவாயில்லை’தான். பிரிட்டனில் குட், நைஸ் மாதிரி கூட்டிக் குறைத்துச் சொல்லக்கூடிய சொல்லுக்கு முன்னால் வந்தால் குவைட் அதை ஒரு படி இறக்கும். இம்பாசிபிள், பெர்ஃபெக்ட் போல உச்சியில் நிற்கிற சொல்லுக்கு முன்னால் வந்தாலோ ‘முழுக்க முழுக்க’ என்றாகிவிடும். பேச்சில் குவைட்டை அழுத்திச் சொன்னால், பின்னாலேயே ஒரு ‘ஆனால்’ வருகிறது என்று வைத்துக்கொள்.

கொட்டும் மழையை ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’, நாயும் பூனையுமாய்ப் பெய்கிறது என்பார்களே, அதைப் பற்றியெல்லாம் கவலைப்படாதே. அந்த மாதிரித் தொடர் விநோதமாக இருப்பதால் நீயே தேடிப் பார்த்துவிடுவாய். எல்லாச் சொல்லும் தெரிந்திருக்கிற தொடர்தான் காலை வாரும். ‘ஹாஃப் செவன்’ என்றால் அங்கே 7.30, நடுவில் இருந்த ‘பாஸ்ட்’ உதிர்ந்துவிட்டது. ஜெர்மன் மொழியில் அதே அமைப்புக்கு 6.30 என்று பொருள். டீமில் ஜெர்மன்காரர் இருந்தால் 19.30 என்று எண்ணிலேயே எழுதிவிடு. ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வது பிரிட்டனில் பேச்சுக்கு எடுப்பது, அமெரிக்காவில் கிடப்பில் போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஒரு சொல்லால் இரு நாட்டு அதிகாரிகளும் நெடுநேரம் வாதாடினார்கள், இருவர் விருப்பமும் ஒன்றே என்பது பிறகுதான் தெரிந்தது என்று சர்ச்சில் எழுதியிருக்கிறார்.

‘யூ ஆல்ரைட்?’ என்பது உடம்பைப் பற்றிய விசாரணை அல்ல. நம்மூர் ‘சாப்டாச்சா?’ மாதிரி. ‘யெஸ், யூ?’ போதும். ‘ஐ வில் பியர் இட் இன் மைண்ட்’ பெரும்பாலும் நம் ‘பார்க்கலாம்’; பிறகு பார்க்கமாட்டார்கள். ‘யூ மைட் வான்ட் டு செக் தி ஃபிகர்ஸ்’ என்று மேனேஜர் சொன்னால் அது யோசனை இல்லை, உத்தரவு. அன்றைக்கே கணக்கைச் சரிபார்.

பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, இடமும் தெரிய வேண்டும். ‘கிக் தி பக்கெட்’ என்பதற்கு இறந்துபோவது என்று குறித்துக்கொண்டால் பாதிதான். அது நம் ‘மண்டையைப் போடுவது’. துக்க வீட்டில் ‘பாஸ்ட் அவே’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் கற்போர் அகராதிகளில் தொடருக்குப் பக்கத்தில் இன்ஃபார்மல், ஓல்ட்-ஃபேஷன்ட், பிரிட்டிஷ் என்றெல்லாம் குறிப்பு இருக்கும். பொருளுக்கு முன் அதைப் படி. நோட்டில் தொடரை மட்டும் எழுதாமல், யார் யாரிடம் சொன்னார்கள் என்பதோடு முழு வாக்கியத்தையும் எழுது. நாலைந்து பேர் வாயில் கேட்ட பிறகு நீ பயன்படுத்தினால் போதும்.

நம்மூர் இங்கிலீஷிலும் கொஞ்சம் களை எடுக்க வேண்டும். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றால் நீ அவர்களை நம்பவில்லை என்று கேட்கும். ‘கொஸ்டின்’ என்று சொல். காலேஜில் ‘பாஸ்டு அவுட்’ என்றால் மயங்கி விழுந்தாயா என்று பார்ப்பார்கள், ‘கிராஜுவேட்டட்’ சரி. தேதியை முன்னால் தள்ளி வைப்பதற்கு நாம் சொல்கிற ‘ப்ரீபோன்’ அங்கே பலருக்குப் புரியாது, ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்று எழுது.

ஆனால் புதன்கிழமை மீட்டிங்கை இரண்டு நாள் ‘மூவ் ஃபார்வர்ட்’ செய்ததாக மெயில் வந்திருக்கிறது என்றாயே, அது திங்களா வெள்ளியா என்று எனக்கும் தெரியாது. அந்தத் தொடரில் ஆங்கிலேயர்களே இரண்டு கட்சி. தேதி என்ன என்று இன்றே கேட்டுவிடு.

அன்புடன்,
அம்மா